எஸ்யூவிக்குப் பின்னால் சின்ன கேம்பர்: மாட்டி ஓட்டியவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், தங்கும் வசதியுள்ள சின்ன வண்டி) வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "உங்க வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். எங்கள் எஸ்யூவியின் கையேட்டில் 1,500 கிலோ என்று இருக்கிறது. கேம்பர், சாமான்களோடு 850 கிலோ. அப்புறம் என்ன, தாராளம் என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கணக்கு. குடும்ப வண்டியில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை, வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடைதான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை அப்படியே போடுகிறேன்.

வண்டியின் மொத்த அனுமதி எடை 2,200 கிலோ. பெட்ரோல் நிரப்பி, ஆள் ஏறாத வெற்று வண்டி 1,720. மிச்சம் 480 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் மூன்று பேர் சேர்த்து 270. ஹிட்ச், அதாவது கேம்பரை மாட்டக் காரின் பின்னால் போடும் சட்டமும் அதன் இரும்புப் பந்தும் 25. கூரைப் பெட்டி சாமானோடு 45. டிக்கியில் 60. கூட்டினால் 400. பாக்கி 80 கிலோ.

கேம்பரின் முன்பக்கம் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்துகிறதே, அந்த டங் வெயிட்டும் இந்த 80-க்குள்தான் அடங்க வேண்டும். பலர் விடும் இடம் இது. டிரெய்லர் சொந்தச் சக்கரத்தில் ஓடுகிறது, காருக்கு என்ன பாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 85 கிலோ. ஆக, இழுவைத் திறனில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதற்கே வண்டி 5 கிலோ மிகை.

டிக்கியில் இருந்த 60 கிலோவைக் கேம்பருக்குள், அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் மாற்றினேன். கேம்பர் 910 ஆனது, டங் வெயிட் 91. காருக்குள் சுமை 340 + 91 = 431. இப்போது 49 கிலோ இடைவெளி. கேம்பரின் சொந்த அனுமதி 1,000 கிலோ, ஹிட்ச் தகட்டில் பொறித்திருக்கும் செங்குத்து அளவு 100. எல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஹிட்ச், பந்து, வண்டி, டிரெய்லர் நான்குக்கும் தனித்தனி எண் உண்டு. எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

இன்னொன்று, பின் அச்சு. பந்து பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுக்கும் நடுவே 2.7 மீட்டர். பந்தில் 90 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது 90 இல்லை, 127 கிலோ. முன் அச்சில் 37 கிலோ குறைகிறது. வண்டியின் பின்புறம் தாழ்ந்து ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும், ஸ்டியரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதும் இதனால்தான். எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றையும் தனித்தனியே நிறுத்தி எடுங்கள். காகிதக் கணக்கை அதுதான் சரிபார்க்கும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நல்லது கெட்டது இரண்டும் வேண்டும்.

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்

எடைக் கணக்கு அருமை சார். நான் வயரிங் பக்கம் சொல்கிறேன்.

பழைய வண்டிகளில் டெயில் லைட் வயரைச் சுரண்டி, டிரெய்லர் வயரை முறுக்கி, டேப் சுற்றினால் வேலை முடிந்தது. இப்போது வரும் எஸ்யூவிகளில் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடுதலாக இழுத்தால் கோளாறு என்று நினைத்து அந்த லைனையே அணைத்துவிடும். டிரெய்லரில் எல்.இ.டி. விளக்கு இருந்தால் நேர்மாறு: கரண்ட் மிகக் குறைவாகப் போவதால் பல்ப் போய்விட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் போட்டு மின்சாரம் எடுக்கும் மாட்யூலை வைத்து, காரின் விளக்கு வயர்களிலிருந்து சிக்னலை மட்டும் எடுப்பதுதான் முறை. இன்னும் நல்லது, உங்கள் மாடலுக்கென்றே வரும் வயரிங் செட். அதை மாட்டிய பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் "டிரெய்லர் உண்டு" என்று பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் ரிவர்ஸ் கியர் போட்டதும் பார்க்கிங் சென்சார் கேம்பரைச் சுவர் என்று நினைத்துக் கத்திக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் டிரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி வேலை செய்யத் தொடங்குவதும் இந்தப் பதிவுக்குப் பிறகுதான்.

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி எர்த். ஒருவர் வந்தார். இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறது, பிரேக் மிதித்தால் எல்லாமே மங்குகிறது. இரண்டு இடத்தில் மாட்யூலை மாற்றிவிட்டார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயர் சட்டத்தில் பெயின்டின் மேலேயே திருகப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு திருகி, மேலே கொஞ்சம் கிரீஸ். தீர்ந்தது. விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் எர்த்தைப் பாருங்கள், மாட்யூலுக்குக் காசு செலவழிப்பது அப்புறம்.

பிளக் வாங்கும்போது கேம்பரில் எத்தனை பின் என்று பார்த்து வாங்குங்கள். வட அமெரிக்காவில் தட்டையான 4 பின் விளக்குக்கு மட்டும். மின் பிரேக்கும் பேட்டரி சார்ஜும் வேண்டுமானால் 7 பின். ஐரோப்பாவில் புது கேம்பர்கள் பெரும்பாலும் 13 பின்.

மறுமொழி

அண்ணா, கேம்பரில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஓடும்போது காரிலிருந்தே ஓட்டலாம் என்கிறார்கள். ஆனால் ஊர் போய்ச் சேரும்போது உள்ளே எதுவும் ஜில்லென்று இல்லை. ஃபிரிட்ஜ் கோளாறா?

மறுமொழி: ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்

பெரும்பாலும் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கும் தம்பி, வயர்தான் மெல்லிசு. 10 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர் என்று வைத்துக்கொள். 1.5 சதுர மி.மீ. வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்தான் போகும். ஃபிரிட்ஜ் முனையில் மீட்டரை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்து பார். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரே எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். அதற்கு கேம்பர் பக்கம் டிசி-டிசி சார்ஜர் (குறைந்து வரும் வோல்ட்டேஜைத் தேவையான அளவுக்கு ஏற்றித் தரும் பெட்டி) வைக்க வேண்டும். இன்ஜின் அணைந்ததும் லைன் அறுந்துபோக ரிலே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இல்லையென்றால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது.

மறுமொழி: பின்னால் ஓட்டி வந்தவர்

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முன்னால் மைத்துனர் எஸ்யூவியில் கேம்பரை இழுத்துக்கொண்டு போகிறார், பின்னால் நாங்கள். இறக்கமான நெடுஞ்சாலை. ஒரு கன்டெய்னர் லாரி அவரைத் தாண்டிப் போனது. லாரியின் காற்று விலகியதும் கேம்பர் லேசாக வலப்பக்கம் போனது, பிறகு இடப்பக்கம். சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீச்சு கூடிக்கொண்டே போனது. நான்காவது ஆட்டத்தில் காரின் பின்புறத்தையே சேர்த்துத் தள்ளுகிறது. என் வீட்டுக்காரி கத்திவிட்டாள்.

மைத்துனர் நிதானமான ஆள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியே விட்டார், பிரேக்கைத் தொடவில்லை. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிக்கவும் இல்லை. வேகம் குறையக் குறைய ஆட்டம் தானே அடங்கியது. சமாளிக்கிறேன் என்று ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தால் ஒவ்வொரு திருப்பலும் ஒரு ஆட்டம் பிந்தி வந்து, இன்னும் கூட்டியிருக்கும். கையால் இயக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கும் வண்டியில், அதை மட்டும் மெல்ல அழுத்தினால் கேம்பர் பின்னால் இழுபட்டு நேராகும். இவர் வண்டியில் அது இல்லை.

ஓரம் கட்டி, பந்தின் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, குளியலறைத் தராசின் மேல் நிறுத்தி, கேம்பர் மூக்கை அதில் இறக்கிப் பார்த்தோம். (தராசு எங்கள் வண்டியில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மனைவிக்கு எடை பார்க்காமல் ஒரு நாள் போகாது.) 30 கிலோ காட்டியது. கேம்பர் ஏறக்குறைய 800 கிலோ. நான்கு சதவீதம்கூட இல்லை.

காரணம் கண் முன்னாலேயே இருந்தது. கேம்பரோடு வந்த சைக்கிள் ஸ்டாண்ட் பின்சுவரில். அதில் 40 கிலோ. அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால். அச்சிலிருந்து பந்து 3 மீட்டர் முன்னால். சீசா பலகை போலத்தான்: பின்னால் 40 கிலோ இறங்கினால் முன்னால் 33 கிலோ தூக்கிவிடும். தண்ணீர்த் தொட்டியும் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால், 60 லிட்டர் நிறைய. அது இன்னொரு 20 கிலோ. சைக்கிள்களைக் கார் கூரைக்கு மாற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி நிறுத்தினோம். தராசு 80-ஐத் தாண்டியது. அதன் பிறகு அதே மாதிரி லாரிகள் எத்தனையோ தாண்டிப் போயின, கேம்பர் அசையவில்லை.

எத்தனை சதவீதம் சரி என்பதில் சண்டை உண்டு. வட அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். ஐரோப்பாவில் 5 முதல் 7 போதும் என்பார்கள்; அங்கே பல கார்களின் ஹிட்ச்சே 75 அல்லது 100 கிலோவுக்கு மேல் ஏற்காது, ஓட்டும் வேகமும் குறைவு. உங்கள் ஹிட்ச் ஏற்கும் அளவுக்குள் எவ்வளவு அதிகம் முடியுமோ அவ்வளவு வைப்பது என் கட்சி.

மறுமொழி

ஆட்டத்தைத் தடுக்கிறேன் என்று எடை பகிரும் ஹிட்ச் (நீளக் கம்பிகளால் டங் வெயிட்டில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் தள்ளும் வகை) வாங்குவதற்கு முன் கையேட்டைப் படியுங்கள். சட்டம் தனியாக இல்லாத, பாடியே சட்டமான எஸ்யூவிகள் சிலவற்றில் அதைத் தயாரிப்பாளரே கூடாது என்கிறார். அந்த நீளக் கம்பிகள் ஹிட்ச் மாட்டிய இடத்தை முறுக்கும்.

மறுமொழி: ஏற்றத்தில் நின்றவர்

எங்கள் வண்டி சி.வி.டி. கியர்பாக்ஸ், அதாவது பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக். நீண்ட ஏற்றம், வெயில், ஏசி முழு வீச்சில். கியர் ஆயில் சூடு என்று விளக்கு எரிந்தது, இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது. ஓரம் கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு அணையும்வரை நின்றோம். பிறகு தனி ஆயில் கூலர் போட்டோம். சில மாடல்களில் டோயிங் பேக்கேஜ் என்று கேட்டால் கம்பெனியிலிருந்தே அந்தக் கூலரோடு வரும்; அது இல்லாத அதே மாடலுக்குக் கையேட்டில் இழுவை எண் குறைவு. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனியுங்கள், பின்னால் ஹிட்ச் இருப்பதால் முன்னால் கூலர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வேகத்தையும் குறைத்தோம். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. நிமிர்ந்த முகப்புள்ள கேம்பரில் அதைப் பெட்ரோல் முள்ளிலேயே பார்க்கலாம்.

மறுமொழி

யாரும் ஸ்டெப்னியைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் வண்டியில் அது டிக்கிக்கு அடியில் தொங்கும். ஹிட்ச் சட்டம் போட்ட மறுநாள் சும்மா இறக்கிப் பார்ப்போம் என்று பார்த்தால், டயர் பாதி இறங்கிச் சட்டத்தில் முட்டி நிற்கிறது. மாட்டிய கடையில் "காற்றை இறக்கிவிட்டு எடுங்க" என்றார்கள். பஞ்சர் ஆனவன் ஸ்டெப்னியின் காற்றை இறக்கிவிட்டு என்ன செய்வான்? குறுக்குச் சட்டத்தைக் கழற்றி வேறு மாடல் மாட்ட வைத்தோம்.

கேம்பருக்கும் தனி ஸ்டெப்னி வேண்டும், கார் சக்கரம் அதில் உட்காராது. அதன் நட்டுக்குக் கார் ஸ்பேனர் பொருந்துகிறதா, கார் ஜாக்கி எங்கே வைக்கலாம் என்று புறப்படும் முன்பே செய்து பாருங்கள். டயர் பட்டன் எல்லாம் புதுசாகத் தெரியும், ஆனால் வருடக்கணக்கில் நின்றே கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

இழையைத் தொடங்கியவர்

பிரேக் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் கேட்காத இடத்திலும் நான் போடுவேன். கார் பிரேக் கணக்கிடப்பட்டது காரின் எடைக்கு. டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் மெல்லிய கேபிளைக் காரில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இருந்தால் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், மூக்கு விழுந்தால் ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

நிற்கும் இடங்களில் கேம்பர் சக்கரத்தின் நடுப்பகுதியைப் புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது என் வழக்கம். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது பிரேக் பிடித்திருக்கிறது.

மறுமொழி

ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு ஒரு வழி. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வையுங்கள். கேம்பர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இடம் வலம் குழம்பாது. சின்ன கேம்பர் பெரியதைவிடச் சீக்கிரம் மடங்கும், அதனால் கொஞ்சமாகத் திருப்பி உடனே நேராக்குங்கள். மடங்கத் தொடங்கிவிட்டால் பின்னால் போய்ச் சரிசெய்ய முயலாமல் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி தொடங்குவதே சீக்கிரம் முடியும். பின்னால் நின்று வழி சொல்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டியை நிறுத்திவிடுங்கள். கேம்பர் காரைவிட அகலம் என்றால் நீட்டிக் கண்ணாடி இரண்டு பக்கமும் வேண்டும்.