மறு: ஃபர்னஸ் ஃபிளேம் சென்சருக்கு ஒரு தமிழ்ச் சொல்

> ‘வெப்ப உணரி’ போதுமே. சூட்டை அறிவதுதானே அதன் வேலை? இல்லையென்றால் ‘தீயுணரி’ என்போம்.

ஐயா, குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸில், சுடர் பற்றியதா என்று பார்க்கும் இந்த ஃபிளேம் சென்சர் சூட்டை அறிவதே இல்லை. எப்போதும் எரியும் சிறு பைலட் சுடரைக் கொண்ட பழைய ஃபர்னஸ்களில் இருந்த தெர்மோகப்பிள்தான் (சூட்டை மின்னழுத்தமாக மாற்றும் கருவி) சூட்டை அறிந்தது. இன்றைய கேஸ் ஃபர்னஸில் இருப்பது பீங்கானில் செருகிய மெல்லிய உலோகக் கோல். கட்டுப்பாட்டுப் பலகை அதற்கு மாறுமின்னழுத்தம் தருகிறது. சுடரில் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற துகள்கள்) இருப்பதால் அதன் ஊடாக மின்சாரம் பாய்கிறது. பர்னரின் பரப்பு கோலைவிடப் பெரிதாகையால், ஒரு திசையில்தான் மிகுதியாகப் பாய்கிறது. பலகை பார்ப்பது சில மைக்ரோஆம்பியர் அளவுள்ள அந்த நேர்மின்னோட்டத்தை மட்டுமே.

பெயர் பிழையானால் பழுது பார்ப்பதும் பிழையாகும். புகையை வெளியே இழுக்கும் இன்டியூசர் விசிறி சுழல்கிறது, கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செம்மஞ்சளாகக் கனல்கிறது, நீலச் சுடர் பற்றுகிறது. சில நொடிகளில் கேஸ் வால்வு ‘டக்’கென்று மூடிக்கொள்கிறது. ‘வெப்ப உணரி’ என்று படித்தவர், இவ்வளவு சூட்டிலும் உணரவில்லையே, இது செத்துவிட்டது என்று புதிதை வாங்குவார். பெரும்பாலும் கோல் நன்றாகவே இருக்கும். அதன்மேல் படிந்த சிலிக்கா, ஆக்சைடுப் படலம்தான் மின்சாரத்தை மறிக்கிறது. படலம் மெல்லிதாக இருக்கும்வரை ஓட்டம் எல்லைக்கோட்டில் ஊசலாடும். ஒரு முறை நிலைக்கும், மறுமுறை அணையும்.

மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு, ஒற்றைத் திருகைக் கழற்றிக் கோலை உருவி, 0000 என்ற மிக மெல்லிய ரக ஸ்டீல் வூலால் (எஃகு நார்) பளபளக்கத் துடைத்தால் போதும். சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம். கீறல்களில் படலம் சீக்கிரம் பிடிக்கும். பக்கத்திலுள்ள இக்னைட்டரில் விரல் படக்கூடாது. மல்டிமீட்டரைக் கோலின் கம்பியோடு தொடராக இணைத்து, ஃபர்னஸ் எரியும்போது பாருங்கள்: பல மாதிரிகளில் 2 முதல் 6 மைக்ரோஆம்பியர் காட்டும். 1-க்குக் கீழே போனால் சுடர் நிலைப்பது சந்தேகம். துடைத்தும் ஏறவில்லையா? பீங்கானில் விரிசல் இருக்கலாம். அல்லது எர்த் தளர்ந்திருக்கும். மின்சாரம் பர்னர் வழியாகத்தானே பலகைக்குத் திரும்ப வேண்டும்.

‘தீயுணரி’ கூரையில் மாட்டும் எச்சரிக்கைக் கருவிக்குப் பொருந்தும். பர்னரில் எரிவது சுடர். என் பரிந்துரை ‘சுடரறிகோல்’. ஊன்றுகோல், தூண்டுகோல் போல வினைத்தொகை. வடிவமும் வேலையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

> சுடரறிகோல் பிடித்திருக்கிறது. இக்னைட்டரே கனலவில்லை என்றால்? ‘லாக்அவுட்’டுக்கு ‘நிறுத்தம்’ சரியா?

இக்னைட்டரே கனலாவிட்டால் முதலில் சுடரறிகோலைத் தொடாதீர்கள். வெளிப்புகைக் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா, வடிகுழாயில் நீர் தேங்கிப் பிரஷர் சுவிட்ச் மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். புகை சரியாக வெளியேறுகிறது என்று அந்த சுவிட்ச் மூடிச் சொன்னால்தான் பலகை இக்னைட்டரைக் கனலவிடும்.

‘நிறுத்தம்’ போதாது, நாம் நிறுத்துவதும் நிறுத்தம்தான். பற்றவைக்கச் சில முறை முயன்று தோற்றபின் பலகை தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது, ஆகவே ‘தற்பூட்டு’. பல பலகைகளில் 1 மணி அல்லது 3 மணி நேரத்தில் அந்தப் பூட்டு தானே திறந்துகொள்ளும். இரவில் அணைந்த ஃபர்னஸ் விடியலில் ‘தானாகச் சரியாவது’ அதனால்தான். படலம் அப்போதும் கோலின்மேல்தான் இருக்கும்.