மாஸ்பெர்க் பென்டகனில் எழுதியது தொழில்நுட்பமா, இல்லையா?

பாலக்கோட்டான்: நேற்று ஓசூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பி.இ. படிக்காதவர்கள் தொழில்நுட்பச் செய்தி எழுதுவதால்தான் தமிழில் இந்தத் துறை உருப்படவில்லை. அமெரிக்காவின் தொழில்நுட்பப் பத்தி எழுத்தாளர் வால்ட் மாஸ்பெர்க் மாதிரி ஒருவர் வேண்டும்" என்கிறார். மாஸ்பெர்க் எங்கே பி.இ. படித்தார்? பிரான்டைஸ் பல்கலைக்கழகம், பிறகு கொலம்பியாவில் இதழியல். 1970இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் சேர்ந்து தொழிலாளர், எரிசக்தி, பாதுகாப்புத் துறை என்று எழுதினார். கணினிப் பத்தி ஆரம்பித்தது 1991இல்தான்.

ஓசூர்வாசி: பாதுகாப்புத் துறை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகன் என்றால் ஏவுகணை, ரேடார், போர் விமானம். அது தொழில்நுட்பம் இல்லையா?

பாலக்கோட்டான்: பென்டகன் நிருபர் எழுதுவது பட்ஜெட், ஒப்பந்தம், அரசியல். ரேடாரைக் கழற்றிப் பார்த்து எழுதுவதில்லை. சொந்தக் கணினிகள் பயன்படுத்தக் கடினமானவை, அது உங்கள் தவறு இல்லை என்றுதான் அவருடைய முதல் பத்தியே தொடங்கியது. பொறியாளர் அப்படித் தொடங்குவாரா? கையேட்டைப் படி என்பார்.

ஓசூர்வாசி: பொறியாளர்களைப் பற்றி உங்களுக்கு ஏன் இவ்வளவு காட்டம்? உங்கள் அக்கா மகன் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு போன் விமர்சனம் எழுதுகிறார் என்று போன மாதம் நீங்கள்தானே சொன்னீர்கள்? எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு நிருபர் மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டுப் போனார். பதில் சொல்லி மாளவில்லை.

பாலக்கோட்டான்: அவன் பேச்சு எதற்கு? சரி, நம்ம ஊர் விஷயத்துக்கே வருகிறேன். தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறை. அதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. இன்றும் போர்வெல் தண்ணீர் குடிக்கிற ஒரு வீட்டில் 'யூவி' (புற ஊதா) விளக்கு வைத்த சுத்திகரிப்பானைத் தவணையில் வாங்கி வைத்தால் என்ன ஆகும்? யூவி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடைத் தொடாது. அதற்கு, தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. வேண்டும். இதை அந்த அம்மாவுக்குப் புரிகிற தமிழில் எழுதுகிறவன்தான் தொழில்நுட்பப் பத்திரிகையாளன். கம்பெனிக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல் நாலு பேரைக் கேட்டு எழுதத் தெரிந்தால் போதும். மாஸ்பெர்க் செய்ததும் அதுதான். 2007இல் ஸ்டீவ் ஜாப்ஸும் பில் கேட்ஸும் அவருக்கும் சக பத்திரிகையாளர் காரா ஸ்விஷருக்கும் எதிரே ஒரே மேடையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

தொப்பூர் கணவாய்: அதே 2007இல் ஐபோன் கடைக்கு வருமுன்பே அவர் கையில் இருந்தது. ஓசியில் போன் வாங்குகிறவர் வாசகர் பக்கமா நிற்பார்?

பாலக்கோட்டான்: சோதித்துப் பார்க்கக் கொடுத்த போன் அது. பணமோ இலவசப் பொருளோ வாங்குவதில்லை என்று எழுத்தில் அறிவித்தவர் அவர். தெரியாமல் ஒருவரைத் திருடன் ஆக்காதீர்கள்.

தொப்பூர் கணவாய்: திருடன் என்று நான் எங்கே சொன்னேன்?

ஓசூர்வாசி: பேச்சை மாற்றாதீர்கள். ஆர்.ஓ.வுக்கும் யூவிக்கும் வித்தியாசம் சொல்லவே வேதியியல் வேண்டும். பென்டகனில் பழகியதால்தான் மாஸ்பெர்க்குக்கு அந்த அறிவு வந்தது. உங்கள் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் உட்கார்ந்தால் வராது.

பாலக்கோட்டான்: தக்காளி மண்டியைக் கேவலமாகப் பேசவேண்டாம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிகிறவரை உங்கள் ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, அதை ஏன் இழுக்கிறீர்கள்? பிரிந்த பிறகுதான் எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது.

பாலக்கோட்டான்: இழுத்தது அவர், தம்பி. நான் கேட்டது ஒன்றுதான். 2017இல் ஓய்வு பெறுகிறவரை அந்த மனிதர் எழுதியதில் எது பொறியியல் பட்டத்தால் வந்தது? ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி: பென்டகனைக் காட்டிவிட்டேன்.

பாலக்கோட்டான்: பென்டகன் கல்லூரி இல்லை சார்!

ஓசூர்வாசி: பலருக்கு அதுவே கல்லூரி. ஷிப்ட் முடித்துவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

பாலக்கோட்டான்: எழுதுங்கள். பட்டத்தின் பெயரோடு எழுதுங்கள்.