ஆபாசக் காணொளிப் பழக்கம்: கொழும்பில் தமிழில் சிகிச்சை தேவை

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது முப்பதைக் கடந்துவிட்டது. 2020 ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய ஆபாசக் காணொளிப் பழக்கம் இன்று என் கட்டுப்பாட்டில் இல்லை. நள்ளிரவு தாண்டியும் கைத்தொலைபேசியை வைக்க முடிவதில்லை. தூக்கம் கெட்டு அலுவலக வேலையும் பாதிக்கப்படுகிறது. பார்ப்பதில் இன்பம் குறைந்த பின்னரும் நிறுத்த இயலவில்லை.

தடுப்புச் செயலியை நிறுவி, கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுத்தேன். தொலைபேசியை வரவேற்பறையில் வைத்துவிட்டு உறங்கியது சில வாரங்களுக்கே உதவியது. நான் பார்த்த பொது வைத்தியர் தூக்க மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார்.

2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு, சூதாட்டத்தை நடத்தைசார் அடிமைத்தனங்களில் சேர்த்தாலும், கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தையை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறாகவே கொள்கிறது. ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்வு மட்டுமே நோயாகாது என்றும் தெளிவுபடுத்துகிறது. என் சிக்கல் குற்றவுணர்வோடு நிற்கவில்லை. ஆகவே உபதேசம் வேண்டாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில், இதற்கு அறிகை நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) தமிழில் வழங்கும் உளவியலாளரையோ உளநல வைத்தியரையோ நேரடி அனுபவத்தில் அறிந்தவர்கள் இருக்கிறீர்களா?