உழாமல் விட்ட நிலத்துக்கு அரசு தரும் பணம்: என்ன சொல்லலாம்?

வணக்கம். வேளாண் பொருளியல் பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இன்னும் முட்டுகிறது. கான்சாஸ் போன்ற மாநிலங்களில் மண் அரிக்கும் கோதுமை நிலத்தை 10 முதல் 15 ஆண்டுக்கு உழாமல் விட்டுப் புல் வளர்த்தால், அமெரிக்கக் கூட்டரசு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் தருகிறது. 1985 சட்டத்தில் வந்த கன்சர்வேஷன் ரிசர்வ் திட்டம். கைப்படியில் 'காப்பு மானியம்' என்று இருக்கிறது. விடலாமா?

---

ஐயா, மானியம் வேண்டாம். இந்தத் தொகைக்கு ஒப்பந்தத்திலேயே வாடகை என்றுதான் பெயர். அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மானாவாரிக் குத்தகை மதிப்பை வைத்துத்தான் தொகை கட்டுகிறார்கள். மானியம் பொருந்துவது அதே ஒப்பந்தத்தின் இன்னொரு தொகைக்கு: புல் விதைக்கும் செலவில் பாதி வரை அரசு ஏற்பது. அது வேலை முடிந்து கணக்குக் காட்டிய பின் வருவது; வாடகையோ ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபருக்குப் பின். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் கணக்கு தப்பும். 'தரிசு வாடகை', 'செலவுப் பங்கு' என்று பிரியுங்கள்.

---

> தரிசு வாடகை

தரிசு என்றால் நம் அடங்கலில், அதாவது ஊரின் பயிர்க் கணக்குப் பதிவேட்டில், பயிரின்றிக் கிடப்பது. இங்கே நிலம் சும்மா கிடக்கவில்லை. களை மண்டினால் ஒப்பந்த மீறல். மேய்ச்சல் நிலத்துக்கான பிரிவில் மாடும் மேயும், உழக்கூடாது, அவ்வளவுதான். 'ஓம்பீடு' என்பேன்: ஓம்பு (பேணு) + ஈடு. காப்பு + ஈடு சேர்த்தால் காப்பீடு ஆகிவிடும், பயிர்க் காப்பீட்டோடு குழம்பும். விருந்தோம்பலில் இருக்கும் ஓம்பு நம் சொந்த வினை.

மானியம் பற்றி ஒன்று. அது வடமொழி 'மான்ய'த்திலிருந்து வந்தது. வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கே முதலில் அந்தப் பெயர். கோயில் மானியம் என்பது அதுதான். தமிழில் இறையிலி. நிலத்துக்குரிய சொல் பணத்துக்குப் போய், இப்போது நிலத்துக்கே திரும்பப் பார்க்கிறது!

---

அம்மா, இறையிலி வரலாறு அருமை, ஆனால் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. விருந்துக்கு வெளியே ஓம்பு என்று இன்று யார் எழுதுகிறார்? மாணவர் அகராதி தேடினால் சொல் தோற்றது. 'நிலக்காப்பு வாடகை' போதும், படித்ததும் புரிகிறது.

வேலி, தண்ணீர்க் குழாய்க்கு உதவும் ஈக்விப் திட்டம் வேறு; அங்கே வாடகை கிடையாது, செலவுப் பங்குதான். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் பள்ளம் தோண்டினால் அந்த வேலைக்குப் பணம் வராது. பண்ணைக்காரர்கள் இடறும் இடம் இது. பாடத்தில் தனி வரியாகப் போடுங்கள்.

---

நான்கு பேர் 'நிலக்காப்பு வாடகை' என்கிறார்கள். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். செலவுப் பங்கில் யாருக்கும் மறுப்பில்லை.

---

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். வாடகை என்றால் நிலம் அரசின் கைக்குப் போனதாகப் படும். உரிமையும் சொத்து வரியும் உழவரிடமே இருக்கின்றன. இன்னொன்று: ஏழாம் ஆண்டில் அவர் உழுதுவிட்டால், முதல் ஆண்டிலிருந்து வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், மேலே தண்டமும் உண்டு. குடியிருப்பவர் பாதியில் காலி செய்தால், வாங்கிய வாடகையை எந்த வீட்டுக்காரர் திருப்பித் தருகிறார்? ஈடு என்பதே சரி.