ட்ரையர் நிற்கப்போகும் சுவரை முதலில் பாருங்கள்

"அக்கா, வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவி கைக்கு வருது. வோஷரும் ட்ரையரும் எது வாங்கட்டும்?" என்று கனடாவின் பிரம்ப்டனிலிருந்து சித்தியின் மகள் கேட்டாள். கூடவே கடையில் வரிசையாக நிற்கும் மெசின்களின் படங்கள் 11. நான் லீவில் வந்து களுவாஞ்சிகுடியில் அம்மா வீட்டில் நிற்கிறேன். எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு அவளுக்கு ஒன்றுதான் சொன்னேன்: "சாவி கிடைத்ததும் முதல் வேலையாக லோண்ட்ரி அறைச் சுவரைப் படம் எடுத்து அனுப்பு தங்கச்சி. அதுவரைக்கும் ஒரு சதமும் கட்டாதே."

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து கனடாவுக்குப் புதிதாகப் போயிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் அவளுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் ஒன்ராறியோவுக்குப் போய் 14 வருடம். இரண்டு வாடகை பேஸ்மென்ட், பிறகு சொந்த வீடு. நம் ஆட்கள் வோஷரைப் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். ட்ரையரை, அதோடு சேர்ந்தது எதுவோ அது வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். நான் சொல்வது, ட்ரையரில் தொடங்குங்கள். வோஷருக்கு இரண்டு தண்ணீர்க் குழாயும், கழிவுநீர் போக வழியும், சாதாரண 120 வோல்ட் பிளக்கும் இருந்தால் போதும். ட்ரையருக்கு அப்படி இல்லை. அதற்கு வீடு இடம் கொடுக்க வேண்டும்.

ஊரில் நமக்கு அந்த நினைப்பே வராது. இதை எழுதும்போது வெளியே கச்சான் காற்று வீசுகிறது. காலையில் அம்மா கொடியில் போட்ட கட்டில் விரிப்பு நான் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. மாரி மழைக்குத்தான் விறாந்தையில் கயிறு கட்டி, மூன்று நாள் காயாமல் ஒரு வாடை வரும். கனடாவின் குளிர்காலம் அந்த மாரியை விடவும் நீளம். அதனால் ட்ரையர் ஆடம்பரம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

சரி, சுவரில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் சொக்கெட். அங்கே பெரும்பாலான பெரிய மின்சார ட்ரையர்கள் 240 வோல்ட், 30 அம்பியர் தனி இணைப்பில் ஓடுபவை. சொக்கெட் பெரிதாக, நான்கு துளையோடு இருக்கும். அடுப்புக்கு உள்ள சொக்கெட்டும் பார்வைக்கு அப்படித்தான் தெரியும், ஆனால் அது வேறு, ஒன்றில் மற்றது பொருந்தாது. அந்தச் சொக்கெட் இல்லையென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் புது வயர் இழுக்க வேண்டும். அந்தச் செலவு ட்ரையர் விலையிலேயே ஒரு பங்கு. சுவரில் காஸ் குழாய் வந்திருந்தால் காஸ் ட்ரையர் போடலாம், அதற்குச் சாதாரண பிளக் போதும். ஆனால் காஸை இணைப்பது உரிமம் உள்ளவரின் வேலை. மச்சான், தம்பி என்று யாரையும் தொட விடாதீர்கள்.

அடுத்தது துளை. சாதாரண ட்ரையர் சூடான ஈரக் காற்றை 4 அங்குலக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும். அந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். உலோகக் குழாயாக, இயன்றவரை நேராக, குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் காற்று இழுபட்டு, பஞ்சுத் தூசி அங்கே தங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் மெசின் வருவதற்கு முன்பே கழற்றி எறியுங்கள். உடுப்பிலிருந்து வரும் அந்தப் பஞ்சு தீப்பெட்டித் தூளைப் போல் பற்றும். ட்ரையர் தீ விபத்துகளுக்குத் துப்புரவு செய்யாத பஞ்சு ஒரு பெரிய காரணம். கதவின் உள்ளே இருக்கும் வலையை ஒவ்வொரு முறையும் வழித்து எடுங்கள். வெளிச்சுவர் மூடியைப் பனி மூடிவிடாமலும் பாருங்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் இருந்த பேஸ்மென்டில் ட்ரையர் குழாய் வெளியே போகவில்லை. தண்ணீர் ஊற்றிய ஒரு வாளிக்குள் விட்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் அறையின் மூலையில் கறுப்புப் பூஞ்சை. மகனுக்கு இருமல் விடவே இல்லை. ஈரக் காற்று முழுக்க நாங்கள் தூங்கும் அறைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மின்சார ட்ரையர் என்பதால் பூஞ்சையோடு போயிற்று. காஸ் ட்ரையரை அப்படி விட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிறையும், உயிர் போகும். வாடகை வீட்டில் இதைக் கண்டால் கூச்சப்படாமல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

வெளியே துளை போட வழியே இல்லாத கொண்டோ (அடுக்குமாடி வீடு), பேஸ்மென்ட் என்றால் குழாய் வேண்டாத ட்ரையர் இருக்கிறது. அதில், உள்ளே உள்ள சூட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகைதான் கரண்டை மிகக் குறைவாக எடுக்கும். சூடும் குறைவு, உடுப்புக்கு நல்லது. ஆனால் நேரம் கூட எடுக்கும், விலையும் கூட. இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஐந்து பேர், இரண்டு பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெசினுக்குக் காவல் இருக்க வேண்டி வரும். தோய்ப்பதும் காய்வதும் ஒரே பெட்டிக்குள் நடக்கும் மெசின் இடத்தை மிச்சம் பிடிக்கும். அதிலும் இதே கதைதான், முதல் சுற்று காயும் வரை அடுத்த சுற்றைத் தோய்க்க முடியாது.

இனி அளவு. முழு அளவு மெசின் 27 அங்குல அகலம், சின்னது 24 அங்குலம். பின்னால் குழாய்க்கு 5, 6 அங்குலம் விட வேண்டும். அறையை மட்டும் அளந்தால் போதாது. நான் அறையை அளந்தேன், படிக்கட்டை அளக்கவில்லை. கொண்டுவந்த இருவர் பேஸ்மென்ட் படியின் திருப்பத்தில் மெசினைச் சரித்துப் பார்த்தார்கள், கைப்பிடிக் கம்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் வியர்வையோடு திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திருப்பி எடுக்கக் கடை ஒரு தொகையைக் கழித்தது. வாசல், நடைபாதை, படித் திருப்பம், கதவின் கைப்பிடி வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் வோஷர். முன்பக்கம் கதவு உள்ளதா, மேலே மூடி உள்ளதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் முடிவு முன்பக்கக் கதவு. தண்ணீர் குறைவு என்பதோடு கடைசியில் பிழிவதும் கடுமை, பல மெசின்கள் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் சுற்றும். எவ்வளவு பிழிகிறதோ அவ்வளவுக்கு ட்ரையருக்கு வேலை குறைவு. மேல் மூடி மெசினில் நடுவே ஒரு தண்டு நிற்கும் வகை அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் ஆறு யார் சேலை அந்தத் தண்டில் சுற்றி முறுகினால் கரை கிழியும். முன்பக்க மெசினிலும் சேலையை வலைப்பைக்குள் போட்டுத்தான் தோய்க்கிறேன். குனிய முடியாத முழங்கால் வலிக்காரர் வீட்டில் இருந்தால் மட்டும் மேல் மூடியைப் பாருங்கள். தோய்த்து முடிந்ததும் முன்பக்க மெசினின் கதவு ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மணக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில், திறந்த மெசினுக்குள் பிள்ளை ஏறிவிடாமல், அறைக் கதவையாவது பூட்டி வையுங்கள்.

கொள்ளளவு எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க முறையில் 4.5 கன அடி என்று எழுதும் அதே மெசினைக் கனடாவில் ஐஇசி (IEC) என்ற சர்வதேச முறையில் 5.2 என்று எழுதுவார்கள். ஒரு கடையில் 4.5, இன்னொரு கடையில் 5.2 என்றதும் இரண்டாவது பெரிது என்று ஓடாதீர்கள். தடித்த குளிர்ப் போர்வை உள்ளே போக இந்த அளவு போதும்.

நம் உடுப்பைப் பற்றி யாரும் அங்கே சொல்லித் தரமாட்டார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டை என் வீட்டுக்காரர் ஆசையாகக் கொண்டுவந்தார். முதல் கிழமையே மற்ற உடுப்போடு சுடுதண்ணீரில் போட்டு, பெரிய சூட்டில் காய வைத்தேன். வெளியே எடுத்தபோது சாரம் கணுக்காலுக்கு மேலே நின்றது, பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் சிவப்பு இறங்கியிருந்தது. கைத்தறி, பருத்தி வேட்டி, பருத்திச் சேலை எல்லாம் பச்சைத் தண்ணீரில் தனியாகத் தோய்த்து நிழலில் தொங்கவிட வேண்டியவை. ட்ரையர் துவாய்க்கும் கட்டில் விரிப்புக்கும் பிள்ளைகளின் உடுப்புக்கும்.

மஞ்சள் கறை உள்ள துணியை ட்ரையரில் போடவே கூடாது. சூட்டில் கறை நிலைத்துவிடும். அம்மா கறி பட்ட சட்டையைச் சவர்க்காரம் போட்டு வெயிலில் விரிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு வெளுக்கும். அங்கேயும் வெயில் விழும் யன்னல் ஓரத்தில் போட்டால் மெல்ல மெல்லப் போகும். அதேபோல எண்ணெய் வைத்துத் தலை முழுகியபின் துடைத்த துவாய். எண்ணெய் ஊறிய துணி தோய்த்த பிறகும் சூட்டில் தானாகப் பற்றக்கூடும் என்று ட்ரையர் கையேடுகளே எச்சரிக்கின்றன. அதற்குத் தனித் துவாய் வைத்துக் கொடியில் காயப் போடுங்கள்.

சவர்க்காரம் எச்ஈ (HE, நுரை குறைவானது) என்று எழுதியது வாங்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி போதும். நுரை வந்தால்தான் சுத்தம் என்று நமக்கு ஒரு பழக்கம். இந்த மெசின்களில் நுரை கூடினால் அழுக்கு சரியாகப் போகாது.

காசு விஷயம். ஒன்ராறியோவில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் 13% வரி கல்லாவில் சேரும். கொண்டுவந்து பூட்டுவது, பழையதை எடுத்துப்போவது, குழாய், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். முழுத் தொகையையும் எழுதி வாங்குங்கள். பிளாக் ஃபிரைடே, டிசம்பர் 26 பொக்சிங் டே இரண்டிலும் விலை இறங்கும். அதுவரை காசு போட்டுத் தோய்க்கும் கடையில் சமாளித்தால் குடிமுழுகாது. 12 மாதம் வட்டி இல்லை என்ற திட்டத்தில் கடைசி மாதம் தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி போடும் ஒப்பந்தங்களும் உண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எனர்கைட் ஸ்டிக்கரில் வருடத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று இருக்கும், அதைத்தான் ஒப்பிட வேண்டும். நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் டைம்-ஒஃப்-யூஸ் திட்டத்தில் இருந்தால் வேலைநாளில் இரவு 7 மணிக்குப் பிறகும் சனி, ஞாயிறும் கரண்ட் மலிவு.

மெசின் வந்த அன்று பின்பக்கத்தில் இருக்கும் பெரிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று கண்ணால் பாருங்கள். முன்பக்க வோஷர் வழியில் ஆடாமல் இருக்க அவை போட்டு வரும். கழற்றாமல் ஓட்டினால் மெசின் அறையை விட்டே நடந்துபோகும், உள்ளேயும் உடையும். போல்ட்டுகளை எறியாதீர்கள், அடுத்த வீடு மாறும்போது வேண்டும். தண்ணீர்க் குழாய் இரும்பு வலை பின்னியதாக இருக்கட்டும். ஊருக்கு வரும்போது அந்தத் தண்ணீர்ப் பைப்பை இறுக்கி மூடிவிட்டு வாருங்கள்.

லண்டன் பிள்ளைகள் இதில் பாதியை விட்டுவிடலாம். அங்கே 60 சென்டிமீட்டர் மெசின், சமையலறையிலேயே நிற்கும், சாதாரண பிளக்கில் ஓடும், அளவு கிலோவில். சுவிஸில் பல கட்டடங்களில் எல்லாருக்கும் பொதுவான தோய்க்கும் அறையும் முறைநாளும் உண்டு. உங்கள் முறைநாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மற்றவரின் நாளில் போய் மனஸ்தாபம் தேட வேண்டாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, தங்கச்சியின் படமும் வந்தது. நான்கு துளைச் சொக்கெட் இருக்கிறது. வெளியே போகும் குழாய் வெள்ளைப் பிளாஸ்டிக், அதுவும் இரண்டு வளைவு. நாளைக்கு உலோகக் குழாய் வாங்கி மாற்றுவதாகச் சொன்னாள். படிக்கட்டுத் திருப்பத்தை அளந்தாயா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.