மாரி மழையில் தொட்டி மீன்கள் இறக்கின்றன: குளிர்தான் காரணமா?

கேள்வி (களுவாஞ்சிகுடி):
எங்கள் வளவிலுள்ள சீமெந்துத் தொட்டி 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உடையது. 3 அடிக்கு நீர் நிற்கும். அதில் அறுபது திலாப்பியா வளர்க்கிறேன். அடைமழை தொடங்கிய பின் ஒன்பது மீன்கள் இறந்துவிட்டன. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டி வந்த குளிரில், மாடுகள் விறைத்து இறந்ததைப் பார்த்த பயத்தில், ஐந்து நாட்களாகத் தொட்டியைத் தறப்பாளால் மூடி, இரவில் இரண்டு வாளி சுடுநீரும் ஊற்றுகிறேன். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சூடேற்றும் கருவி வாங்க வேண்டுமா?

பதில் (சம்மாந்துறை):
தங்கச்சி, விடியற்காலையில் நீரின் வெப்பநிலை என்ன? பகலிலும் மீன்கள் மேலே நிற்கின்றனவா? கூரைப் பீலியின் நீர் எங்கே விழுகிறது?

கேட்டவர்:
24 பாகை, அண்ணா. மதியத்துக்குள் கீழே போய்விடுகின்றன. பீலி நீர் தொட்டிக்குள்தான் விழுகிறது. வழமைபோலத் தவிடும் பிண்ணாக்கும் போடுகிறேன். மிச்சம் அடியில் கிடக்கிறது.

பதில் (சம்மாந்துறை):
அப்படியானால் இது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். திலாப்பியா 20 பாகைக்குக் கீழேதான் இரையை நன்றாகக் குறைக்கும். 12 பாகையை நெருங்கினால்தான் உயிருக்கு ஆபத்து. பாசி வெயிலில் ஒட்சிசனைத் தரும், இரவில் அதுவே ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். முகில் மூட்டம் போதாதென்று நீங்கள் தறப்பாளும் போட்டதால் பகல் வரவு நின்றுவிட்டது. இரவுச் செலவு நிற்கவில்லை. கூரையிலிருந்து விழும் குளிர்ந்த நீர் பாரத்தால் அடிக்குப் போய், அங்கே அழுகிக் கிடக்கும் தவிட்டு நீரை மேலே கிளப்புகிறது. தறப்பாளைக் கழற்றி, பீலியை வெளியே திருப்பி, மூன்று நாட்களுக்கு இரையை நிறுத்துங்கள். இரவில் காற்றுப் பம்பு ஓடட்டும். மின்சாரம் நின்றால் வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். காரத்தன்மை சட்டென ஏறினால் நீரிலுள்ள அமோனியா கடும் நஞ்சாகிவிடும்.

பதில் (ரொறன்ரோ, சொந்த ஊர் ஆரையம்பதி):
இங்கே என் குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிடும். 4 பாகை நீரே அடர்த்தி மிகுந்தது என்பதால் அது அடியில் தங்க, தங்கமீன்கள் அங்கேயே அசையாமல் கிடக்கும். நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் இரை போடமாட்டேன். சுடுநீர்ச் சட்டியைப் பனிக்கட்டியின் மேல் வைத்து ஒரு துளையை உருக்கிவிடுவேன். அது மீனுக்குச் சூடேற்ற அல்ல, கெட்ட வாயு வெளியேற. கட்டியை அடித்து உடைத்தால் அந்த அதிர்ச்சி மீனைத் தாக்கும்.

கேட்டவர் (நான்காம் நாள்):
அடியிலிருந்த கறுப்புச் சேற்றைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். முட்டை அழுகிய நாற்றம். இன்று காலை ஐந்தரைக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது மேலே ஒரு வாயும் இல்லை. இரண்டு மீன்களின் வாலடியில் மட்டும் பஞ்சுபோல வெள்ளை படர்ந்திருக்கிறது.

பதில் (சம்மாந்துறை):
அது பூஞ்சணம். 10 லீற்றர் தொட்டி நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, அவ்விரண்டையும் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். சரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.