நீர்விடல் வேண்டாம், கசிவெல்லை எண்டு வைப்பம்

அண்ணை, உப்பைக் காய்ச்சிச் சூட்டைச் சேமிச்சு வைச்சு, பிறகு ஈரக்காத்து விட்டு அந்தச் சூட்டைத் திருப்பி எடுக்கிற முறைக்குத் தமிழ்ச் சொல் தேடினமே, அதில வெப்பவேதிச் சேமிப்பு, நீரேறிய உப்பு ரெண்டும் எனக்கு ஓகே. உப்புப் பளிங்குக்குள்ள பிடிபட்டிருக்கிற நீர் பளிங்குநீரா படிகநீரா எண்டு இழுபடவும் தேவையில்லை, ரெண்டும் விளங்கும். ஆனா உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்து கடைசியில தானே கரைஞ்சு தண்ணியாகத் தொடங்கிற சாரீரப்பதன் (காத்து பிடிக்கக்கூடிய ஈரத்தில எத்தினை வீதம் இருக்கெண்டது) அளவு இருக்கே, அதுக்குப் பேர் இல்லாமல் எந்த உப்பை எடுக்கிறதெண்டு பேசவே ஏலாது.

25 பாகையில இலிதியம் குளோரைட்டுக்கு அது 11 வீதம், மகனீசியம் குளோரைட்டுக்கு 33, பொற்றாசியம் காபனேற்றுக்கு 43, கறியுப்புக்கு 75. திருகோணமலையில மாரிக்காத்து 80ஐச் சும்மா தாண்டும், பிறகு எது தப்பும்? கல்லுப்புப் போத்தல் அதுக்கு முதலே கசியுதெண்டா அது உப்பளத்துத் தண்ணியில மிஞ்சின மகனீசியம் குளோரைட்டின்ர வேலை.

இதில ஒரு விசயம், ஈரக்காத்தை உள்ள விட்டு உப்பு சூடேறிக்கொண்டு இருக்கேக்க கசியாது, ஏனெண்டா அந்தச் சூட்டில அதே காத்தின்ர சாரீரப்பதன் கீழ போயிடும். வேலை முடிஞ்சு ஆறினாப்பிறகு தாங்கிக்குள்ள காத்து விடுற வால்வைப் பூட்டாமல் விட்டாத்தான் சனி, மணியெல்லாம் ஒட்டிக் கட்டியாகி காத்துப் போக வழியில்லாமல் தகரமும் கறள் பிடிச்சிடும். மாரியில கருவாடு காய வைக்க இந்த உப்புச்சூட்டைப் பாவிக்கலாமெண்டு நினைக்கிற ஆக்கள் முதல் பாக்க வேண்டியது அந்த வால்வைத்தான்.

மகனீசியம் குளோரைட்டு மலிவு, ஆனா 120 பாகை தாண்டிக் காய்ச்சினா ஐதரசன் குளோரைட்டு வாயு கிளம்பும். மகனீசியம் சல்பேற்று கணக்கில நிறையச் சூடு பிடிக்கும், திருப்பி ஈரமேற மட்டும் சோம்பல். சோடியம் சல்பைட்டு நஞ்சு வாயு விடும், வீட்டுக்குச் சரிவராது. என்ர வோட்டு பொற்றாசியம் காபனேற்றுக்கு, அதுவும் உள்ள இருக்கிற காத்தை வெளிய எடுத்து மூடின தாங்கியில.

இனி அந்த அளவுக்கான சொல்லுக்கு வருவம். "நீர்விடல்" எண்டா இந்தத் துறையில உப்பைச் சூடாக்கி நீரைப் போக்கிறதெண்டுதான் எடுப்பாங்கள், நேர் எதிர். தமிழ்நாட்டுப் புத்தகத்து "ஈரம் உறிஞ்சிக் கரையும்" சரிதான், ஆனா அதோட "அளவு" சேத்தா வால் நீண்டிடும், அட்டவணைத் தலைப்பில எழுதிப் பாருங்கோ. அதான் "கசிவெல்லை". கசிவு எண்டா தாங்கி ஓட்டையெண்டு நினைப்பாங்கள் எண்டு தங்கச்சி எழுதியிருந்தவ, ஆனா எங்கட பக்கம் தாங்கி ஒழுகும், உப்புத்தான் கசியும்.